குளிர்கால வாசிப்பு: கிறிஸ்துமஸ் கொலையில் தொடங்கி இலக்கியத்துக்குப் போக எந்த வரிசை?

மேசைவிளக்கு

டிசம்பர் 1 முதல் ஜனவரி 6 வரை வாசிக்க ஒரு பட்டியல் போட வேண்டும். பாதி ஆங்கிலக் கிறிஸ்துமஸ் மர்மக்கதைகள், பாதி பனிக்கால இலக்கியம். வார நாட்களில் ஒரு மணி நேரம், சனி ஞாயிறு இரண்டு மணி நேரம். ஆங்கில வாசிப்பு வேகம் நிமிடத்துக்கு 180 சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"எல்லாமே சூப்பர், வாசிங்க" வகைப் பதில் வேண்டாம். எதை எப்போது, எதற்குப் பிறகு, எங்கே சிக்கும் என்று சொல்லுங்கள். முடிவை உடைக்காமல் சொன்னால் கோடிப் புண்ணியம்.

கறுப்புமை

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 37 நாளில் வார இறுதிகளையும் சேர்த்தால் ஏறக்குறைய 47 மணி நேரம். மணிக்கு 10,800 சொல் வீதம் ஐந்து லட்சம் சொல் வருகிறது. இது காகிதக் கணக்கு. விருந்தாளி, பயணம், தூக்கம் எல்லாம் போக மூன்றரை லட்சம் தேறினால் பெரிய விஷயம். அந்தக் காலத்து ஆங்கிலத் துப்பறியும் நாவல் ஒன்று 65,000 முதல் 80,000 சொல் வரை போகும், அதாவது ஏழு மணி நேரம். எனவே மர்ம நாவல் மூன்றுக்கு மேல் போடாதீர்கள். நான்காவதைப் போட்டால் இலக்கியம் பிப்ரவரிக்குத் தள்ளிப்போகும், பிறகு வரவே வராது.

தொடக்கம் நாவலாக இருக்க வேண்டாம். கோனன் டாயிலின் நீல மாணிக்கக் கதை, 'தி புளூ கார்பங்கிள்', 1892 ஜனவரி 'ஸ்ட்ராண்ட்' இதழில் வந்தது. எட்டாயிரம் சொல்லுக்கு உள்ளேதான், முக்கால் மணி நேரத்தில் முடியும். கொலை கிடையாது. ஒரு பழைய தொப்பி, ஒரு வாத்து, அதன் வயிற்றில் கல், அவ்வளவுதான். கிறிஸ்துமஸ் முடிந்த இரண்டாம் நாள் காலையில் தொடங்குவதால் டிசம்பர் 27-க்கு வைப்போரும் உண்டு. ஆனால் முதல் நாளுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை, ஏனென்றால் லண்டன் குளிர், சாப்பாடு, வர்க்கம் மூன்றும் இதில் ஒரே மூச்சில் வந்துவிடும்.

அதில் வரும் 'கூஸ் கிளப்' புரியாமல் பலர் தாண்டிப் போகிறார்கள். நம்மூர் தீபாவளிச் சீட்டேதான் அது. பிரிட்டிஷ் மியூசியம் பக்கத்து மதுக்கடைக்காரர் வாடிக்கையாளர்களிடம் வாராவாரம் சில பென்னி வாங்கி வைத்து, பண்டிகைக்கு ஆளுக்கொரு வாத்து கொடுக்கிறார். இது தெரிந்தால்தான் ஹோம்ஸ் ஏன் மதுக்கடைக்கும், அங்கிருந்து கோவன்ட் கார்டன் வாத்துக்கடைக்கும் போய், பிரிக்ஸ்டன் சாலை வளர்ப்புக்காரியின் பெயரை எட்டுகிறார் என்ற சங்கிலி பிடிபடும். விநியோகச் சங்கிலியைப் பின்னோக்கி நடப்பதுதான் கதையே.

அடுத்து ஜெஃபர்சன் ஃபார்ஜன், 'மிஸ்ட்ரி இன் ஒயிட்', 1937. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ரயில் பனியில் சிக்குகிறது. சில பயணிகள் இறங்கி நடந்து ஒரு வீட்டை அடைகிறார்கள். கணப்பு எரிகிறது, தேநீர் மேசை தயாராக இருக்கிறது, வீட்டில் ஆள் இல்லை. முதல் 60 பக்கத்துக்கு இணையே இல்லை. நடுவில் கொஞ்சம் தொய்யும், கடைசியில் விளக்கம் நீளம். பிரிட்டிஷ் லைப்ரரி 2014-ல் மறுபதிப்பு போட்டது, யாரும் எதிர்பாராமல் அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு விற்றுத் தள்ளியது. இன்றைக்கு கடைகளில் பனி படிந்த மாளிகை அட்டையோடு வரிசையாக நிற்கும் பழைய மர்மக்கதைகளுக்குப் பாதை போட்டதில் இந்த ஒரு புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இரண்டாவது, மூன்றாவது நாவலை மற்றவர்கள் சொல்லட்டும். அங்கேதான் சண்டை வரும்.

வாத்துக்கறி

வாத்து என்று வந்ததும் ஓடி வந்தேன் :) கதைப்படி கல் வாத்தின் தீனிப்பையில் கிடக்கிறது. கோழிக்கு இருப்பதுபோலத் தனித் தீனிப்பை வாத்தினத்துக்குக் கிடையாது. வாசகர்கள் பல காலமாகப் பிடித்துக் கேட்கும் பிழை. இன்னொன்றும் உண்டு: ஹோம்ஸ் அந்தக் கல்லைப் படிகமான கரி என்கிறார். கரி படிகமானால் வைரம். கார்பங்கிள் என்று சொல்லப்படும் கல் கார்னெட் வகை, அதில் கரியே இல்லை. இதெல்லாம் தெரிந்தும் கதை அசையாமல் நிற்கிறது பாருங்கள்.

இரண்டாம்பதிப்பு

வாங்குவதற்கு முன் இதை வாசியுங்கள், காசு மிச்சமாகும். இந்த வகைப் புத்தகங்களில் முதல் பொறியே தலைப்புதான். அமெரிக்கப் பதிப்பாளர்கள் பெயரை மாற்றுவார்கள், மறுபதிப்புக்காரர்கள் கிறிஸ்துமஸ் வாடை வரும்படி மறுபடி மாற்றுவார்கள்.

கிறிஸ்டியின் 'ஹெர்குல் பொய்ரோஸ் கிறிஸ்துமஸ்' (1938), 'மர்டர் ஃபார் கிறிஸ்துமஸ்', 'எ ஹாலிடே ஃபார் மர்டர்' மூன்றும் ஒன்றே. அவருடைய 'சிட்டாஃபர்ட் மிஸ்ட்ரி' (1931) அமெரிக்காவில் 'மர்டர் அட் ஹேஸல்மூர்'. ஜார்ஜெட் ஹேயரின் 'என்வியஸ் காஸ்கா' (1941) இப்போது 'எ கிறிஸ்துமஸ் பார்ட்டி' என்று கடையில் இருக்கிறது. நிக்கலஸ் பிளேக்கின் 'கேஸ் ஆஃப் தி அபாமினபிள் ஸ்னோமேன்' (1941), 'கார்ப்ஸ் இன் தி ஸ்னோமேன்' இரண்டும் ஒன்று. அந்தப் பிளேக் வேறு யாருமல்ல, பின்னாளில் பிரிட்டனின் அரசவைக் கவிஞரான செசில் டே-லூயிஸ்.

வாங்கும் முன் உரிமைப் பக்கத்தில், அதாவது தலைப்புப் பக்கத்தின் பின்புறம், முதல் வெளியீட்டு ஆண்டையும் பழைய பெயரையும் பாருங்கள். ஆன்லைனில் என்றால் மாதிரிப் பக்கங்களிலேயே அது இருக்கும். தொகுப்புகளில் இன்னும் மோசம். 'நீல மாணிக்கம்' இல்லாத கிறிஸ்துமஸ் மர்மத் தொகுப்பைத் தேடிப் பிடிப்பதே கஷ்டம். இரண்டு தொகுப்பு வாங்குமுன் இரண்டின் உள்ளடக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, முன்னுரை. மார்ட்டின் எட்வர்ட்ஸ் பிரிட்டிஷ் லைப்ரரி வரிசைக்கு எழுதுபவை பொதுவாக முடிவைச் சொல்வதில்லை, தாராளமாக முதலில் வாசிக்கலாம். செவ்வியல் இலக்கியப் பதிப்புகளின் முன்னுரைகளில் அந்த நாகரிகமே கிடையாது. யார் சாகிறார், யார் யாரை நினைத்து அழுகிறார் என்று மூன்றாம் பக்கத்திலேயே போட்டு உடைப்பார்கள். அவற்றைக் கடைசியில் வையுங்கள்.

கேரம்போர்டு

இரண்டாவது நாவல் பொய்ரோ கிறிஸ்துமஸ்தான், இதில் என்ன சண்டை? அதன் அமைப்பே காலண்டர். ஏழு பகுதி, டிசம்பர் 22 முதல் 28 வரை பகுதிக்கு ஒரு தேதி. அந்தந்த நாளில் அந்தந்தப் பகுதி. இதைவிடப் பொருத்தமாக ஒரு புத்தகம் அமையுமா?

கறுப்புமை

@கேரம்போர்டு, அந்த யோசனை கேட்க அழகு, செய்து பார்த்தால் சொதப்பும். பகுதிகள் சம அளவில் இல்லை. கொலை, விசாரணை இரண்டும் டிசம்பர் 24 என்ற மூன்றாம் பகுதியிலேயே குவிந்திருக்கின்றன. முதல் நாள் கொஞ்சம், இரண்டாம் நாள் கொஞ்சம், பண்டிகைக்கு முந்தின இரவு மட்டும் மூன்று மணி நேரம் என்றால் எந்த வீட்டில் நடக்கும்? வேண்டுமானால் 20-ஆம் தேதியே ஆரம்பித்து, 24-ஆம் தேதிப் பகுதியை மூன்று நாளுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். துப்பறியும் கதையை அதற்கு மேல் இழுத்தால் யார் எந்த அறையில் இருந்தார் என்பது மறந்துவிடும்.

அதில் பண்டிகைச் சூழலை எதிர்பார்த்துப் போகிறவர்களும் ஏமாறுவார்கள். கிறிஸ்டி அதைத் தன் அக்கா கணவர் ஜேம்ஸ் வாட்ஸுக்குச் சமர்ப்பித்து எழுதினார். உன் கொலைகள் வரவர ரொம்ப நாசூக்காகிவிட்டன, ரத்தமே இல்லை என்று அவர் குறைப்பட்டதற்குப் பதிலாகத்தான் கோர்ஸ்டன் மாளிகையில் பூட்டிய அறை, கவிழ்ந்த மேசை நாற்காலி, எங்கும் ரத்தம். அந்த ரத்தம் அலங்காரத்துக்காக வைத்தது இல்லை, இதற்கு மேல் சொன்னால் குற்றம்.

பண்டிகைச் சாப்பாட்டோடு வேண்டுமென்றால் கிறிஸ்டியின் 1960 தொகுப்பின் தலைப்புக் கதை, கிறிஸ்துமஸ் புட்டிங் சாகசம். கிங்ஸ் லேசி மாளிகைக்கு வரச்சொல்லி பொய்ரோவை மன்றாடுகிறார்கள், மனிதர் மசியவே இல்லை. 14-ஆம் நூற்றாண்டு வீடு, ஆங்கிலக் குளிர், ஆளை விடு என்கிறார். புதிதாக எண்ணெயில் ஓடும் சென்ட்ரல் ஹீட்டிங் போட்டிருக்கிறது, படுக்கையறை வரை வெந்நீர் என்றதும் முகம் மாறுகிறது. ஆங்கில மாளிகைக் கிறிஸ்துமஸ் என்ற மொத்தக் கற்பனையையும் இந்த ஒரு பேரத்தில் கிண்டலடித்துவிட்டு, அடுத்த பக்கமே அதை முழு மனசோடு பரிமாறுகிறார். முன்னுரையில் தன் சிறுவயதில் ஆப்னி ஹாலில் கொண்டாடிய கிறிஸ்துமஸ் சாப்பாட்டை விவரித்திருப்பார், அதை மட்டும் விடாதீர்கள். (இதன் சிறிய முதல் வடிவம் 1923-லேயே வந்தது. வேறு தொகுப்பில் அதைப் பார்த்தால் புதுக்கதை என்று நினைத்துவிட வேண்டாம்.)

கேரம்போர்டு

சரி, சென்ட்ரல் ஹீட்டிங்குக்காகவே ஒத்துக்கொள்கிறேன்.

தடயம்பார்ப்பவன்

பனி உள்ள மர்மக்கதை வாசிக்கத் தெரிய வேண்டும், அதுவும் ஒரு கைத்தொழில். பனிக்கு அங்கே இரண்டு வேலை. ஒன்று, பூட்டு: சாலை அடைபடும், தொலைபேசிக் கம்பி அறுந்துவிடும், போலீஸ் வராது, கொலையாளி உள்ளேதான். இன்னொன்று, காகிதம்: விழுந்த பனியில் யார் நடந்தாலும் எழுதப்பட்டுவிடும்.

இரண்டாவது வகைக்குச் சிறந்த மாதிரி ஜான் டிக்ஸன் கார், கார்ட்டர் டிக்ஸன் என்ற பெயரில் எழுதிய 'ஒயிட் பிரையரி மர்டர்ஸ்' (1934). தனியாக நிற்கும் ஒரு மண்டபம், சுற்றிலும் பனி, பிணத்தைக் கண்டவரின் தடம் தவிர வேறு தடம் இல்லை. இந்த மாதிரிக் கதையில் புத்தக அடையாள அட்டையின் பின்னால் நான்கே நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: பனி விழத் தொடங்கியது, நின்றது, மரணம் நேர்ந்ததாக மருத்துவர் சொல்வது, கண்டுபிடித்தது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதைச் சொன்னவர் யார் என்று எழுதுங்கள். முக்கால்வாசி விடை, சொன்னவர் பெயரை எழுதிய அந்த வரிசையில்தான் இருக்கும். பனி நின்ற நேரத்தை ஒரே ஒருவர் மட்டும் சொல்லியிருந்தால், அந்த ஆளை விடாதீர்கள்.

கிறிஸ்டியின் சிட்டாஃபர்ட் கதையிலும் இதே கணக்கு. டார்ட்மூரில் பனி, மேசை சுழற்றி ஆவி அழைக்கிறார்கள், ஆறு மைல் தள்ளி ஒரு மரணம். தூரத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டால் போதும்.

வடலி

நான் ரொறன்ரோவில இருந்து. நூலகத்தில எடுக்கிறவைக்கு ஒரு விசயம். நத்தார் புத்தகங்களுக்கு லிபியில (Libby, நூலக மின்னூல் செயலி) வரிசை நவம்பர் நடுப்பகுதியிலேயே நீளத் தொடங்கும். ஒக்டோபரிலேயே ஹோல்ட், அதாவது முன்பதிவு, போட்டுவிடுங்கோ. முந்தி வந்திட்டுதெண்டால் எடுக்கவேண்டாம், பின்தள்ளிவைக்கிற வசதி இருக்கு, வரிசையில உங்கட இடம் போகாது. கடன் பொதுவா 21 நாள், டிசம்பர் 1 எடுத்தால் 22-ஆம் தேதி தானாத் திரும்பிப் போய்விடும். பொய்ரோ கிறிஸ்துமஸை 20-ஆம் தேதி தொடங்கிறவை 10-ஆம் தேதிக்கு முந்தி எடுக்கக் கூடாது.

பொதுவுடைமை

இலவசமாகச் சட்டப்படி எது கிடைக்கும் என்று அடுத்த கேள்வி வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு, பிரிட்டனில் 70. டாயில் (இறப்பு 1930), ஜாய்ஸ் (1941) எங்கும் பிரச்சினை இல்லை. ஃபார்ஜன் 1955, இந்தியாவில் எப்போதோ விடுபட்டாயிற்று, பிரிட்டனில் 2026 ஜனவரி முதல். டோரதி சேயர்ஸ் 1957, சிரில் ஹேர் 1958: இந்தியாவிலும் கனடாவிலும் உரிமை முடிந்துவிட்டது, பிரிட்டனில் இல்லை. கிறிஸ்டி 1976, இந்தியாவில் 2037 வரை காத்திருக்கணும். டெலிகிராமில் சுற்றும் பிடிஎஃப் எதையும் இங்கே போடாதீர்கள். அவற்றில் அத்தியாயம் விடுபடுவது சகஜம், துப்பறியும் கதையில் அது எப்படி முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை, அதையும் மறக்க வேண்டாம்.

மேசைவிளக்கு

நன்றி. மூன்றாவது நாவல்? இங்கிருந்து இலக்கியத்துக்கு எப்படித் தாவுவது? கொலையாளி யார் என்று 20 நாள் தேடிவிட்டு, எதுவுமே நடக்காத கதைக்குள் போனால் புத்தி இன்னும் துப்பு தேடிக்கொண்டே இருக்கிறது.

நடுப்பக்கம்

இதுதான் இந்த இழையின் சரியான கேள்வி. தாவக் கூடாது, பாலம் வேண்டும். பாலத்துக்கு இரண்டு புத்தகம் சொல்கிறேன்.

முதலாவது சிரில் ஹேரின் 'ஆன் இங்கிலிஷ் மர்டர்', 1951. பனி, மாளிகை, நஞ்சு, பட்லர், எல்லாச் சடங்கும் சரியாக இருக்கும். ஆனால் துப்பறிவது நாஜி முகாமில் பிழைத்து வந்த வரலாற்றாசிரியர் டாக்டர் பாட்விங்க். மேசையில் அவருக்கு எதிரே உட்கார்ந்திருப்பவன் இங்கிலாந்தில் ஃபாசிச இயக்கம் நடத்தும் வீட்டு வாரிசு. ஆசிரியர் நிஜத்தில் நீதிபதி, இயற்பெயர் கார்டன் கிளார்க். கொலைக்கான காரணம் இங்கிலாந்து அரசியல் சட்டத்துக்குள் புதைந்திருக்கிறது, தலைப்பு அதனால்தான் அப்படி. சோவியத் யூனியனில் 1974-ல் இதைப் படமாகவே எடுத்தார்கள், பிரபுக்களின் வீழ்ச்சிக் கதை அங்கே கசக்குமா என்ன! மூன்றாவது நாவலாக இதை வையுங்கள். இருக்கும் மூன்றில் சிறியதும் இதுதான்.

இரண்டாவது சிமெனோன், 'மெக்ரேயின் கிறிஸ்துமஸ்', 1951. பாரிஸ், ரிஷார்-லெனுவார் சாலை. கிறிஸ்துமஸ் காலையில் எதிர்வீட்டுப் பெண்மணி வந்து சொல்கிறாள்: கால் முறிந்து படுத்திருக்கும் சிறுமியின் அறைக்கு இரவில் கிறிஸ்துமஸ் தாத்தா வந்தாராம், பொம்மை கொடுத்தாராம், தரையில் எதையோ குடைந்தாராம். பாரிஸ் போலீஸ் அதிகாரி மெக்ரே பெரும்பாலும் தன் வீட்டிலிருந்தபடியே, ஜன்னலும் தொலைபேசியுமாக வேலையை முடிக்கிறார். புதிர் தீர்ந்த பிறகுதான் கதையின் கனம் இறங்குகிறது. மெக்ரே தம்பதிக்குக் குழந்தை இல்லை என்பதை மனசில் வைத்துக்கொண்டு, அவர் மனைவி எப்போதெல்லாம் அறைக்குள் வருகிறார் என்று மட்டும் பாருங்கள். துப்பு தேடும் அதே கவனம், தேடும் பொருள்தான் வேறு. அதற்குப் பிறகு இலக்கியம் அந்நியமாக இருக்காது.

தடயம்பார்ப்பவன்

சேயர்ஸின் 'நைன் டெய்லர்ஸை' (1934) எப்படி விட்டீர்கள்? புத்தாண்டு இரவு, பனியில் கார் பள்ளத்தில் இறங்குகிறது, காய்ச்சலில் விழுந்த மணியடிப்பவருக்குப் பதிலாகத் துப்பறிவாளர் விம்ஸி பிரபு ஒன்பது மணி நேரம் தேவாலய மணி அடிக்கிறார். கோபுரத்தில் எட்டு மணிகள், அவற்றை அடிக்கும் வரிசையில் 15,840 மாற்றம். நிமிடத்துக்கு 29-க்குக் குறையாமல் வருகிறது, இரண்டு வினாடிக்கு ஒன்று. எட்டு மணிகளை மொத்தம் 40,320 விதமாக வரிசைப்படுத்தலாம் என்று தெரிந்தால் இந்தப் பைத்தியக்காரத்தனத்தின் அளவு விளங்கும்.

நடுப்பக்கம்

விடவில்லை, ஒதுக்கிவைத்தேன். பெரிய புத்தகம், மணியடிப்பு விவரம் முதல் முறை வாசிப்பவரைத் தள்ளிவிடும், முதல் பகுதி தாண்டினால் காலம் ஈஸ்டருக்குப் போய்விடுகிறது. புத்தாண்டு இரவு முதல் பகுதியை மட்டும் வாசித்துவிட்டு மீதியை ஈஸ்டருக்கு வைக்கலாம். நார்வேக்காரர்கள் குற்றக்கதை வாசிப்பதே ஈஸ்டருக்குத்தான். 1923-ல் பெர்கன் ரயில் கொள்ளைக் கதைக்கான விளம்பரத்தைச் செய்தித்தாள் முதல் பக்கத்தில் நிஜச் செய்தி மாதிரிப் போட்டார்கள், ஊரே நம்பிவிட்டது. அன்றைக்குப் பிடித்த வழக்கம். ஐஸ்லாந்தில் மாறாக எல்லாமே கிறிஸ்துமஸுக்கு. போர்க்காலத்தில் மற்றப் பொருள் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, காகிதத்துக்கு அவ்வளவு இல்லை, அதனால் புத்தகமே பரிசாயிற்று. 1944 முதல் புதுப் புத்தகப் பட்டியல் அச்சாகி வருகிறது.

இனி இலக்கியப் பகுதி, டிசம்பர் 26-க்கு மேல்.

டிக்கன்ஸின் 'கிறிஸ்துமஸ் கரோல்' (1843) தெரிந்த கதைதானே என்று தாண்டாதீர்கள். 28,000 சொல்லுக்குச் சற்று மேல், இரண்டரை மணி நேரம், ஐந்து பகுதி. இது இல்லாமல் அடுத்த இரண்டு பாதிதான் கிடைக்கும். கிளேர் கீகனின் 'ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்' (2021) நாயகன் ஃபர்லாங்குக்குச் சிறுவயதில் வரும் கிறிஸ்துமஸ் பரிசுகளில் கரோல் புத்தகமும் ஒன்று. ஆலி ஸ்மித்தின் 'வின்டர்' (2017) முதல் வாக்கியமே கரோலின் முதல் வாக்கியத்தைத் திருப்பிப் போட்டது.

கீகன் புத்தகம் 120 பக்கம்கூட இல்லை. அயர்லாந்தின் நியூ ராஸ் ஊர், 1985 டிசம்பர், நிலக்கரி வியாபாரி, மனைவி, ஐந்து பெண் குழந்தைகள். முதல் 40 பக்கத்தில் கேக் செய்வார்கள், பிள்ளைகள் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குக் கடிதம் எழுதுவார்கள், லாரி போகும், வரும். ஒன்றுமே நடக்கவில்லை என்று வேகமாகப் புரட்டினால் போச்சு. யாருக்கு எவ்வளவு கடன், யார் எதைப் பார்த்தும் பேசாமல் இருக்கிறார்கள் என்ற கணக்கு அந்த 40 பக்கத்தில்தான் எழுதப்படுகிறது. மடத்துக்குக் கரி இறக்கப் போகும் இடத்தில் அந்தக் கணக்கு தீர்க்கப்பட வேண்டியதாகிறது. கன்னியாஸ்திரீகள் பெண்களை அடைத்துவைத்து வேலை வாங்கிய மக்தலேன் சலவைக்கூடங்களில் கடைசியானது 1996-ல்தான் மூடப்பட்டது, அரசு மன்னிப்புக் கேட்டது 2013-ல். இந்த இரண்டு ஆண்டும் புத்தகம் முடிந்த பிறகு தெரிந்தால் போதும்.

பிறகு ஜாய்ஸின் 'தி டெட்', 'டப்ளினர்ஸ்' (1914) தொகுப்பின் கடைசிக் கதை. 15,000 சொல் சொச்சம். எல்லோரும் சிக்கும் இடம் முதல் மூன்றில் ஒரு பங்கு: விருந்துக்கு ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், பெயர் மழை. எல்லாவற்றையும் பிடிக்காதீர்கள். கேப்ரியலைப் பிடித்துக்கொண்டு, மூன்று பெண்கள் அவரிடம் பேசும் இடங்களை மட்டும் குறியுங்கள்: வேலைக்காரி லில்லி, மிஸ் ஐவர்ஸ், மனைவி கிரெட்டா. ஒவ்வொரு முறையும் அவருக்கு ஒரு படி சறுக்கும். நடுவில் அவர் வாத்தை அறுத்துப் பரிமாறுவதைப் பாருங்கள், அந்த வீட்டில் அவர் கை நடுங்காமல் செய்யும் ஒரே வேலை அது. டாயிலின் வாத்தில் தொடங்கியவர்களுக்கு இந்த வாத்து இன்னும் ருசிக்கும்.

கதையில் தேதி கிடையாது. ஆனால் ஃப்ரெடி மாலின்ஸை அவன் அம்மா புத்தாண்டுக்கு முந்தின இரவு இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள், ஆகவே ஜனவரி பிறந்துவிட்டது. மூன்று ராஜாக்கள் திருநாளான 6-ஆம் தேதி என்று பலர் கணிக்கிறார்கள். உங்கள் பட்டியலின் கடைசி நாளும் அதுதான்.

பனங்கிழங்கு

தஸ்தயெவ்ஸ்கியின் 'வெண்ணிற இரவுகள்' சேர்க்கலாமே? குளிர்கால வாசிப்பு என்றால் எல்லாப் பட்டியலிலும் அது இருக்கிறது.

இரண்டாம்பதிப்பு

எல்லாப் பட்டியலிலும் தப்பாக இருக்கிறது :) பீட்டர்ஸ்பர்க்கின் வெண்ணிற இரவு கோடைகால விஷயம், சூரியன் சரியாக அடையாமல் இரவு முழுக்க வெளிச்சம் நிற்கும் ஜூன் பருவம். ஊரே கோடை வீடுகளுக்குப் போய்விட்டது என்ற புலம்பலோடுதான் கதையே தொடங்குகிறது. ரா. கிருஷ்ணையா மொழிபெயர்ப்பு அருமை, மே மாதத்தில் வாசியுங்கள்.

ரஷ்யக் குளிர் வேண்டுமானால் டால்ஸ்டாயின் 'எஜமானனும் வேலையாளும்' (1895). பனிப்புயலில் சறுக்குவண்டி வழி தவறிச் சுற்றிச் சுற்றி அதே கிராமத்துக்கு வருகிறது. ஒரு காகிதத்தில் பாதையை வரைந்துகொண்டே வாசித்தால் வியாபாரியின் பிடிவாதம் எங்கே திரும்புகிறது என்று தெரியும். அல்லது செகாவின் 'வான்கா' (1886), பத்து நிமிடம். மாஸ்கோவில் செருப்புத் தைப்பவரிடம் வேலைக்கு விடப்பட்ட ஒன்பது வயதுப் பையன், கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு தாத்தாவுக்குக் கடிதம் எழுதுகிறான். உறையின் மேல் எழுதும் விலாசத்துக்காகவே கதை. அன்றைய ரஷ்ய நாட்காட்டி 12 நாள் பின்தங்கியது, எனவே அவர்களின் டிசம்பர் 24 நமக்கு ஜனவரி 5. அன்று இரவு வான்கா, மறுநாள் 'தி டெட்'.

தடயம்பார்ப்பவன்

ஒன்று விடுபடுகிறது. பனியின் வேலை ஒன்று பூட்டு என்றேன், அதே பூட்டை இலக்கியத்தில் நேராக எடுத்துக் கையாண்டவர் துருக்கி எழுத்தாளர் பாமுக். 'பனி'யில் கார்ஸ் நகரத்துக்குச் சாலை அடைபடுகிறது, வெளியிலிருந்து யாரும் வர முடியாது என்பதால்தான் ஒரு நாடக மேடையிலிருந்து ராணுவக் கலகம் கிளம்ப முடிகிறது. கிராமத்து மாளிகைக் கதையின் விதியை ஒரு முழு நகரத்துக்குப் போட்டால் அரசியல் நாவல். ஜி. குப்புசாமி தமிழில் செய்திருக்கிறார், காலச்சுவடு வெளியீடு. பெரிய புத்தகம், தமிழில் என்பதால் உங்கள் வேகம் கூடும்.

நடுப்பக்கம்

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அது ஜனவரி 6-க்குப் பிறகு. அந்த இடத்துக்கு கவாபட்டாவின் 'ஸ்னோ கண்ட்ரி' போதும், சிறியது. ஒரு எச்சரிக்கை: ஷிமமுரா அந்த வெந்நீர் ஊற்று ஊருக்கு மூன்று முறை வருகிறார், புத்தகம் தொடங்குவது இரண்டாவது வருகையில். முதல் வருகை பின்னால் நினைவாக வருகிறது, மூன்றாவது இலையுதிர்காலம். இது தெரியாமல் முதல் 30 பக்கத்தில் கொமாகோ யார், முன்பே தெரிந்தவளா என்று குழம்பி மூடிவைத்தவர்கள் ஏராளம்.

வடலி

ஒரு சின்னக் கேள்வி. இந்தக் கதைகளில எல்லாம் இவ்வளவு பனி விழுது, இங்கிலாந்தில உண்மையாவே நத்தாருக்குப் பனி இருக்குமோ?

கறுப்புமை

அபூர்வம். டிசம்பர் 25 அன்று எங்காவது ஒரு பனித்துகள் விழுந்தாலே பிரிட்டிஷ் வானிலைத் துறை வெள்ளைக் கிறிஸ்துமஸ் என்று கணக்கில் எடுத்துக்கொள்ளும். நாடு பரவலாகத் தரையில் பனி படிந்திருந்தது 1960-க்குப் பிறகு நான்கே முறை: 1981, 1995, 2009, 2010. டிக்கன்ஸின் குழந்தைப் பருவம் விதிவிலக்கான குளிர்ப் பத்தாண்டு, அந்த நினைவைத்தான் நூற்றாண்டாக எல்லோரும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்வதுண்டு.

மேசைவிளக்கு

வரிசை கிடைத்துவிட்டது: நீல மாணிக்கம், ஃபார்ஜன், ஹேர், 20-ஆம் தேதி முதல் பொய்ரோ, பண்டிகை அன்று மெக்ரே, பிறகு கரோல், கீகன், கவாபட்டா, வான்கா, ஜாய்ஸ். 'வின்டர்', பாமுக் இரண்டும் பின்னால். கடைசியாக ஒன்று: ஜனவரி 1 முதல் 'போரும் வாழ்வும்' தினம் ஒரு அத்தியாயம் வாசிப்பவர்கள் இருக்கிறார்களே, அதையும் கூடவே ஓட்டலாமா?

இரண்டாம்பதிப்பு

ஓட்டலாம், மொத்தம் 361 அத்தியாயம், அத்தியாயங்கள் சிறியவை. டி. எஸ். சொக்கலிங்கம் தமிழில் வாசித்தாலும், ஆங்கிலத்தில் வாசித்தாலும், அத்தியாய எண்ணை உங்கள் பதிப்போடு சரிபார்த்துக்கொள்ளுங்கள், சுருக்கப் பதிப்பு என்றால் கணக்கு உதைக்கும். ஆனால் குளிர்கால வாசிப்புக்காக என்றால் தேதி தவறு. ரஸ்தோவ் வீட்டில் வேஷம் கட்டி, நிலவில் சறுக்குவண்டி ஓட்டும் கிறிஸ்துமஸ் அத்தியாயங்கள் இரண்டாம் பாகத்தின் நான்காம் பகுதியில், 9 முதல் 12 வரை. மூலத்தின் வரிசைப்படி 137-ஆவது அத்தியாயத்தில் தொடங்குகின்றன. ஜனவரி 1-ல் ஆரம்பித்தால் மே 17 அன்று, வியர்வையோடு வாசிப்பீர்கள். டிசம்பர் 25 அன்று அந்த அத்தியாயம் வர வேண்டுமென்றால் ஆகஸ்ட் 11 அன்று தொடங்குங்கள்.